வார்ப்படமும் மொழியும்: இணைய இடைமுகக் கூறுகளின் 'நடுநிலை' பற்றி ஒரு மறுப்பு

கருவி எவர் பக்கமும் சார்வதில்லை. அதனைக் கையாள்பவரே நன்மை தீமைகளுக்குப் பொறுப்பாளி என்னும் கூற்று மிகப் பழையது. ஒவ்வொரு காலத்திலும் அக்காலத்துக்குரிய கருவியை முன்னிறுத்தி அது மீண்டும் மீண்டும் கூறப்பட்டு வந்துள்ளது. இன்று அக்கூற்று இணையச் செயலிகளை ஆக்குவோர் மத்தியிலே புதியதோர் உருவில் வழங்குகின்றது. பொத்தான், படிவம், கீழ்விரி பட்டியல், நாட்காட்டி, அட்டவணை, உரையாடற் பெட்டி ஆகிய யாவும் முன்னரே செய்து அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எடுத்துப் பொருத்துவதே நிரலாளரின் பணி. அவற்றை மீண்டும் செய்ய முற்படுவது வீண் உழைப்பு. இவ்வடுக்குகள் எம்மொழிக்கும் எச்சமூகத்துக்கும் பொதுவானவை என்பதே அவ்வாதத்தின் சாரம். கூறு நூலகங்கள் எனப்படும் இவ்வடுக்குகள் பற்றிய இவ்வாதத்தின் முற்பகுதி பெருமளவுக்கு உண்மை. பிற்பகுதி உண்மையன்று. இரண்டையும் பிரித்தறியாது ஒருங்கே ஏற்பதனால் விளையும் நட்டம், அந்நூலகங்களை ஆக்கியோரைச் சாராது, தமிழ் போன்ற மொழிகளிலே எழுதுவோரையும் வாசிப்போரையுமே சாருகின்றது.

1

முதற்கண் இவற்றின் தோற்றத்தை நோக்குதல் தகும். 1968 ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரிலே, நேட்டோ அமைப்பின் ஆதரவில் மென்பொருட் பொறியியல் பற்றிய மாநாடு ஒன்று நடைபெற்றது. அம்மாநாட்டிலே டக்ளஸ் மக்கில்றோய் என்பார், மென்பொருளும் ஏனைய கைத்தொழிற் பொருள்களைப் போன்று முன்னரே செய்யப்பட்ட உறுப்புகளிலிருந்து தொகுக்கப்பட வேண்டும் என வாதிட்டார். கைவினை நிலையிலிருந்து தொழிற்சாலை நிலைக்கு மென்பொருள் மாறவேண்டும் என்பதே அவரது கோரிக்கை. அடுத்த பத்தாண்டில் சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வகத்திலே ஸ்மோல்ரோக் மொழி உருவாயிற்று. அங்கு தங்கியிருந்த காலத்தில், 1979 இல், நோர்வே நாட்டவரான றிக்வே றீன்ஸ்கோக் தரவையும் தோற்றத்தையும் கட்டுப்பாட்டையும் வேறாக்கும் அமைப்பு முறையினை வகுத்தார். இன்றைய இடைமுகக் கூறுகளின் மூதாதையரை இவற்றிலே காணலாம்.

இணையம் தோன்றியபோது அது ஆவணங்களின் தொகுதியாகவே இருந்தது. அது செயலிகளின் களமாக மாறியபின்னரே கூறு நூலகங்களின் காலம் தொடங்குகின்றது. 2007 இல் ஜேகுவெரி யூஐ வெளிவந்தது. 2011 இல் ருவிற்றர் நிறுவனத்துள்ளே தன் சொந்தக் கருவிகளை ஒருமைப்படுத்துதற்கென உருவான பூற்ஸ்ராப் பொதுவில் விடப்பட்டது. 2013 இல் பேஸ்புக் நிறுவனம், தன் பக்கங்களுக்கென ஆக்கிய றியாக்ற் என்னும் நிரற்றொகுதியை வெளியிட்டது. 2014 இல் கூகுள் நிறுவனம் மற்றீரியல் டிசைன் என்னும் வடிவமைப்பு நெறியை அறிவித்தது. சீனத்தின் அலிபாபா குழுமத்தோடு தொடர்புடைய ஆன்ற் நிறுவனத்திடமிருந்து ஆன்ற் டிசைன் வந்தது.

இவ்வரலாற்றிலே ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. புகழ்பெற்ற இத்தொகுதிகளுட் பெரும்பாலானவை உலக மக்களின் பொதுத் தேவைகளை ஆராய்ந்து பெற்ற முடிவுகளாகப் பிறக்கவில்லை. குறிப்பிட்ட சில பெருநிறுவனங்கள் தத்தம் பக்கங்களை விரைவாகவும் ஒரே தோற்றத்துடனும் ஆக்கிக் கொள்ளுதற்குச் செய்தவை, பின்னர் இலவசமாகப் பகிரப்பட்டன. பகிர்ந்தமை பாராட்டுக்குரியதே. ஆயின் ஒருவர் தம் உடலுக்குத் தைத்த சட்டையைத் தானமாகக் கொடுத்தல் வேறு. எல்லா உடலுக்கும் பொருந்தும் சட்டையைத் தைத்தல் வேறு.

2

மறுப்புக்கு முன், எதிர்த்தரப்பின் வலுவான நியாயத்தை நேர்மையுடன் கூறிவிடல் வேண்டும். திரையிலே ஒரு கீழ்விரி பட்டியலைச் செய்தல் பார்வைக்கு எளிய காரியம். ஆயின் சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டும் அதனை இயக்க முடிய வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதன் நிலையைச் சரியாகக் கூற வேண்டும். பட்டியல் மூடப்படும்போது கவனம் முன்னிருந்த இடத்துக்கே மீள வேண்டும். கைப்பேசியின் சிறு திரையிலும் அது சிதையாதிருக்க வேண்டும். இவையனைத்தையும் ஒரு சிற்றலுவலகத்தின் இரு நிரலாளர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்து முடிப்பர் என எதிர்பார்த்தல் நடைமுறைக்கு ஒவ்வாது. பலர் கூடி ஒருமுறை நன்கு செய்து, பலமுறை பயன்படுத்துவதே அறிவுடைமை. கூறு என்னும் கருத்தை எதிர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

எனினும், நூலகத்தைப் பயன்படுத்துவதனாலேயே இப்பண்புகள் தாமாக வந்துவிடும் என்னும் நம்பிக்கையை நடைமுறை ஆதரிக்கவில்லை. உவெப்எயிம் என்னும் அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் இணையத்தளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையிற் பரிசோதித்து வருகின்றது. அங்கவீனமுற்றோர் பயன்பாட்டுக்கான நெறிகளிலிருந்து பிறழும் குறைகள் 2019 இல் 97.8 வீதமான பக்கங்களிற் காணப்பட்டன. 2024 இல் 95.9 வீதமானவற்றிற் காணப்பட்டன. கூறு நூலகங்கள் கொடிகட்டிப் பறந்த ஐந்தாண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் இரண்டு வீதத்துக்கும் குறைவு. நல்ல கூறு நல்ல பக்கத்துக்கு உதவும். அதனைத் தானே உண்டாக்கிவிடாது.

3

இனி மொழிக்கு வருவோம். நடுநிலை வாதம் நொறுங்கும் இடம் இதுவே.

மற்றீரியல் டிசைன் நெறியின் முற்பதிப்புகள் உலகின் எழுத்து முறைகளை மூன்றாக வகுத்தன. ஆங்கிலமும் ஆங்கிலம் போன்றவையும் ஒரு வகை. சீனம், யப்பானியம், கொரியம் ஆகியன செறிந்தவை என இன்னொரு வகை. தெற்காசிய, தென்கிழக்காசிய, மத்திய கிழக்கு மொழிகளின் எழுத்துகள் உயரமானவை என மூன்றாவது வகை. இப்பாகுபாட்டிலே தீயநோக்கம் எதுவுமில்லை. வேற்று மொழிகளைக் கருத்திற் கொண்டமையால் அது பல நூலகங்களை விட மேலானது எனவும் கூறலாம். ஆயின் எழுத்துகள் எதனோடு ஒப்பிட உயரமானவை என்னும் வினா எழாமற் போவதில்லை. அளவுகோல் ஆங்கிலமே, ஏனையவை அதனின்று விலகும் அளவால் அறியப்படுகின்றன. அதே நெறி தன் தொடக்கப் பதிப்புகளிலே பொத்தானின் சொல்லை முற்றாகப் பெரிய எழுத்துகளில் அமைத்து, அதனைச் சூழவுள்ள உரையினின்று வேறுபடுத்தியது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பிரிவே இல்லாத தமிழில் அவ்வேறுபாடு மறைந்துபோகின்றது.

எழுத்தை எண்ணும் முறை இதனினும் ஆழமான சிக்கலைக் காட்டுகின்றது. 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன என்பதனை அரிச்சுவடி கற்கும் குழந்தை அறியும். இணையத்தின் நிரல் மொழியோ அதனை ஐந்து எனக் கணக்கிடுகின்றது. உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி அலகுகளாகக் குறியேற்றம் செய்யப்பட்டுள்ளமையே காரணம். 'பல்கலைக்கழகம்' ஒன்பது எழுத்து, கணக்கிலோ பதின்மூன்று. எனவே ஒரு படிவப்பெட்டி இத்தனை எழுத்துகளுக்கு மேல் ஏலாது எனக் கூறும்போது, ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு ஓர் அளவும் தமிழில் எழுதுவோர்க்கு அதனிற் குறைந்த அளவும் கிடைக்கின்றன. பெட்டியின் எல்லை ஒன்றே. அதனுள் அடங்கும் பேச்சு ஒன்றன்று.

பயனாளரின் பெயரிலிருந்து முதலெழுத்தை எடுத்து வட்டத்துள் இடும் கூறொன்று பல செயலிகளில் உண்டு. முதல் அலகை மட்டும் வெட்டியெடுக்கும் நிரலிடம் கா. சிவத்தம்பியின் பெயரைக் கொடுத்தால் அது 'க' என்றே காட்டும், க. கைலாசபதியின் பெயருக்கும் அதுவே கிடைக்கும். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது என்பதனையோ, குடும்பப்பெயர் என ஒன்று எல்லோர்க்கும் இருப்பதில்லை என்பதனையோ, இரு பெட்டிகளையும் கட்டாயமாக நிரப்பக் கோரும் ஆயத்தப் படிவங்கள் அறியா. சிங்களமும் இதற்கு விலக்கன்று. அம்மொழியில் ஓரெழுத்தாக வாசிக்கப்படும் 'ஸ்ரீ' ஐந்து அலகுகளின் சேர்க்கை. இடையிலே வெட்டப்படின் அது சிதைகின்றது.

அகரவரிசை மற்றொரு சான்று. அட்டவணைக் கூறின் தலைப்பைச் சொடுக்கினால் பெயர்கள் வரிசைப்படுகின்றன. வேறு ஏற்பாடு செய்யப்படாவிடத்து அவ்வரிசை குறியேற்ற எண்களின் வரிசையே. தமிழுக்கான யுனிக்கோட் அட்டவணை, இந்திய மொழிகள் யாவற்றுக்கும் ஒரே சட்டகத்தை வகுத்த 1988 ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. ஆகவே அதில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கின்றது. றகரம் லகரத்துக்கு முன்னே நிற்கின்றது. விளைவாக, அகராதியிலே 'கபம்' முன்னும் 'கனி' பின்னும் வரவேண்டியிருக்க, திரையிலே கனி முந்துகின்றது. 'மலர்' இருக்கவேண்டிய இடத்தில் 'மறம்' வந்து நிற்கின்றது. மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருமாறு 'பட்டம்' என்பதனை 'படம்' என்பதற்கு முன்வைக்கும் மரபும் தலைகீழாகின்றது. நெடுங்கணக்கு என்பது தமிழ்க் கல்வியின் முதற் பாடம். அதனைத் திரை பிழையாகக் கற்பிக்கும்போது, பிழை என்று அறியாமலே ஒரு தலைமுறை அதற்குப் பழகிவிடும்.

சொற்றொடர் அமைப்பும் இவ்வாறே. பட்டியலின் அடியில் 'ஐம்பதில் பத்து' என்றவாறு தொகை காட்டும் கூறு, ஆங்கிலத்தின் சொல்லொழுங்கில் எண்களையும் இடைச்சொல்லையும் ஒட்டியே பல நூலகங்களில் அமைக்கப்பட்டுள்ளது. அவ்விடைச்சொல்லை மட்டும் மொழிபெயர்த்து இட்டால் கிடைப்பது தமிழ்ச் சொல்லேயன்றித் தமிழ் அன்று. அகலம் வரையறுக்கப்பட்ட பொத்தானுக்குள் 'சமர்ப்பிக்க' என்பது அடங்காது மூன்று புள்ளிகளாக அறுபடுவதும் இதன் பாற்படும்.

இங்கேதான் எதிர்வாதத்தினர் ஒரு விடையை முன்வைப்பர்: இவையாவும் தொழினுட்பக் குறைகள், காலப்போக்கில் தீரும் என்பர். தொழினுட்பம் ஏற்கெனவே தீர்வினை வழங்கிவிட்டது என்பதே இவ்விடைக்குரிய மறுப்பு. தமிழ் அகரவரிசையினைச் சரியாக ஒழுங்குபடுத்தும் வசதி உலாவிகளிலேயே உள்ளது. எழுத்துகளை, அலகுகளாக அன்றி எழுத்துகளாகவே எண்ணும் வசதி 2020 இல் குரோம் உலாவியிலும் 2024 இல் பயர்பொக்ஸிலும் சேர்க்கப்பட்டது. அவற்றைப் பயன்படுத்தச் சில வரிகள் போதும். அவ்வரிகள் எழுதப்படாமைக்குக் காரணம் இயலாமையன்று. எழுதும்படி கேட்பார் இல்லாமையே. ஆகவே இது தொழினுட்பத்தின் வறுமையன்று, கோரிக்கையின் வறுமை.

4

நடுநிலை வாதம் மறைக்கும் இரண்டாவது உண்மை அதிகாரம் பற்றியது. பிறர் செய்த கூறினைப் பொருத்துவோர், அக்கூறினை ஆள்வோரின் முடிவுகளையும் சேர்த்தே பொருத்துகின்றனர்.

2016 மார்ச்சில், பெயருரிமை பற்றிய பிணக்கொன்றினால் மனங்கசந்த நிரலாளர் ஒருவர், தாம் பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்த தொகுதிகளை மீளப் பெற்றார். அவற்றுள் லெப்ற்பாட் என்பது வெறும் பதினொரு வரி கொண்டது. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்ப்பதே அதன் வேலை. அப்பதினொரு வரிகள் இல்லாமற் போனமையால் உலகெங்கும் பெருந்திட்டங்கள் தொகுக்க முடியாது நின்றன. 2018 டிசம்பர் 25 ஆம் திகதி, ஆன்ற் டிசைன் பயன்படுத்திய செயலிகளின் பொத்தான்கள் மீது திடீரெனப் பனி படர்ந்தது. நத்தார் வாழ்த்தும் தோன்றியது. மாதங்களுக்கு முன்னரே நிரலினுள் மறைத்து வைக்கப்பட்ட வேடிக்கை அது. தம் வாடிக்கையாளருக்கு அதனை விளக்க முடியாது சீன நிரலாளர் பலர் திகைத்தனர். பொத்தான் தமது என அவர்கள் எண்ணியிருந்தனர். அது தமதன்று என்பதனை அந்நாளே அறிந்தனர்.

உரிமம் பற்றிய வரலாறும் இத்தகையதே. றியாக்ற் தொகுதியின் பழைய உரிமத்துடன், பேஸ்புக்குக்கு எதிராக ஆக்கவுரிமை வழக்குத் தொடுப்போர் தமக்களிக்கப்பட்ட ஆக்கவுரிமைச் சலுகையை இழப்பர் என்னும் விதி இணைந்திருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி மென்பொருள் நிறுவகம் அவ்வுரிமத்தைத் தன் திட்டங்களில் ஏற்க மறுத்தது. எதிர்ப்பு வலுத்தபின், அதே ஆண்டு செப்ரெம்பரில் பேஸ்புக் இறங்கிவந்து கட்டுப்பாடற்ற எம்ஐற்றி உரிமத்துக்கு அதனை மாற்றியது. 2025 இல் றியாக்ற்றினை லினக்ஸ் நிறுவகத்தின் கீழ் அமையும் தனியமைப்பொன்றிடம் ஒப்படைக்கும் முடிவும் அறிவிக்கப்பட்டது. இவை நன்மாற்றங்கள். ஆயின் இம்மாற்றங்கள் நடுநிலை வாதத்துக்குச் சான்றாகா. அதற்கு எதிர்ச்சான்றே ஆகும். கருவி நடுநிலையானதாயின் எதிர்ப்புக்கே தேவையிருந்திராது. எதிர்த்தமையாலேயே அது மாறிற்று.

இவ்வுலகின் உழைப்பு உறவுகளும் கவனத்துக்குரியன. 2022 ஜனவரியில், மிகப் பரவலாக வழங்கிய கலர்ஸ், பேக்கர் ஆகிய தொகுதிகளைப் பேணிய ஒருவர் அவற்றைத் தாமே வேண்டுமென்று பழுதாக்கினார். பெருநிறுவனங்கள் தம் உழைப்பை ஊதியமின்றி உறிஞ்சுகின்றன என்பது அவர் முன்னரே வெளியிட்டிருந்த குறை. அவர் செய்தது நியாயமா என்பது வேறு வினா. நிரபராதிகளான பயனாளரும் அதனாற் பாதிக்கப்பட்டனர். ஆயின் இலவசம் என்று பெறப்படும் பொருளுக்கும் உற்பத்திச் செலவு உண்டென்பதையும், அச்செலவை எங்கோ ஒருவர் தனித்திருந்து சுமக்கின்றார் என்பதையும் அச்செயல் மறுக்கமுடியாதபடி காட்டிற்று.

5

இவ்வளவும் கேட்டபின் சிலர் மற்றோர் எல்லைக்குச் செல்லக் கூடும். பிறர் ஆக்கிய கூறுகள் யாவற்றையும் புறக்கணித்து, அனைத்தையும் தாமே தமிழிற் செய்வோம் என்பர். இது வீறாப்பேயன்றி வழியன்று. தாமே செய்யும் கூறினைத் திரை வாசிப்பான் வாசிக்காவிடின், ஆதிக்கத்தை எதிர்ப்பதன் பெயரால் பார்வையற்ற தமிழர் வெளியே தள்ளப்படுவர். ஏற்பதா விடுவதா என்பதன்று இங்குள்ள வினா. எந்நிபந்தனையில் ஏற்பது என்பதே வினா.

வரலாறு இதற்கும் விடை தருகின்றது. தட்டெழுத்துப் பொறி ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளை மனத்திற் கொண்டு பிறந்தது. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா அப்பொறியை ஒதுக்கித் தள்ளவுமில்லை. தமிழை அதன் அளவுக்கு வெட்டிக் குறுக்கவுமில்லை. எழுத்தின் இயல்பை ஆராய்ந்து, 247 எழுத்துகளும் சில பத்து விசைகளிலிருந்து பிறக்குமாறு விசைப்பலகையையே மாற்றியமைத்தார். பொறியை அறிந்தமையோடு மொழியையும் அறிந்தமையாலேயே அது கைகூடிற்று.

அரசு ஒன்று பொறுப்போடு கூறுகளை ஆக்கமுடியும் என்பதற்கும் சான்றுண்டு. ஐக்கிய இராச்சிய அரசு 2018 இல் வெளியிட்ட வடிவமைப்பு முறைமை, பொத்தானையும் படிவத்தையும் தருவதுடன் நில்லாது, அவை மக்களிடம் பரிசோதிக்கப்பட்டபோது அறியப்பட்டவற்றையும் உடன் வெளியிடுகின்றது. வேல்ஸ் மொழியில் அமையும் சேவைகளும் அதே கூறுகளைக் கொண்டே ஆக்கப்படுகின்றன. இலங்கையின் அரசியலமைப்பிலே 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசகரும மொழி என்பது இன்று கடிதத்தாளின் தலைப்போடு முடிந்துவிடுவதன்று. குடிமகன் விண்ணப்பம் நிரப்பும் பெட்டி, பெயர்ப்பட்டியலின் வரிசை, பிழை நேர்ந்தால் தோன்றும் வாக்கியம் ஆகியவற்றிலும் அவ்வுரிமை வாழவேண்டும். ஆங்கிலத்திலே திரையை முற்றாகச் செய்து முடித்தபின், மிஞ்சிய இடத்தில் தமிழையும் சிங்களத்தையும் திணிக்கும் வழக்கம் சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொல்வதாகும்.

ஆதலின் நிபந்தனைகள் தெளிவானவை. உலாவி தானே தரும் கூறு போதுமான இடத்தில் வேறொன்றை இறக்குமதி செய்யாமை முதலாவது. உரையாடற் பெட்டி போன்றவை 2022 முதல் எல்லாப் பெரிய உலாவிகளிலும் உள்ளவையே. ஒரு நூலகத்தைத் தெரிவுசெய்யுமுன், தமிழிலும் சிங்களத்திலும் அமைந்த நீண்ட சொற்களாலும் பெயர்களாலும் பட்டியல்களாலும் அதனைச் சோதித்தல் இரண்டாவது. காணப்படும் குறையைத் தமக்குள் ஒட்டுப்போட்டு மறைக்காது, திருத்தத்தை அந்நூலகத்துக்கே அனுப்புதல் மூன்றாவது. திறந்த உரிமம் அதற்கான உரிமையை வழங்குகின்றது; பயன்படுத்தப்படாத உரிமை உரிமையாகாது.

இப்பணியிற் பல்கலைக்கழகத்துக்குரிய பங்கு முதன்மையானது. கணினி பயிலும் மாணவனுக்கு எழுத்தின் இலக்கணம் தேவையில்லை என்றும், தமிழ் பயிலும் மாணவிக்கு எழுத்தின் குறியேற்றம் தேவையில்லை என்றும் கருதப்படும் வரை, இடையிலுள்ள வெளியை எவரும் நிரப்பார். நன்னூலின் எழுத்ததிகாரத்தைக் கற்ற ஒருவர், அட்டவணைக் கூறொன்று ஏன் பிழையாக வரிசைப்படுத்துகின்றது என்பதனை விளக்கத்தக்கவர். நிரலறிந்த ஒருவர் அதனைத் திருத்தத்தக்கவர். இருவரும் ஒரு மேசையில் அமர்வதற்குப் பெரும் நிதியோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை.

வார்ப்படம் எவருடையதோ, வடிவமும் அவருடையதே. வார்ப்படத்தை உடைக்க வேண்டிய தேவையில்லை. அதனை ஆக்குவோர் மத்தியில் இடம்பெற வேண்டிய தேவையுண்டு. அவ்விடத்தைக் கோராத மொழி, பிறர் திரையில் மொழிபெயர்ப்பாக மட்டுமே வாழும்.